மின்னிக்கு வீடு பார்ப்பது

அன்புள்ள அண்ணா,

உங்கள் சிப்பிப்பாறை நாயைப் பற்றி நீங்கள் எழுதியதையெல்லாம் படித்திருக்கிறேன், அந்தத் தைரியத்தில்தான் இந்தக் கடிதம். எங்களிடம் மின்னி என்று ஒரு கன்னி ஜாதி நாய் இருக்கிறாள். பெட்டை, பதினாலு மாதம். கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு. சாத்தூர் பக்கமிருந்து குட்டியாக வாங்கி வந்தோம். ரொம்பப் பயந்த சுபாவம். குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். கணவர் போனில் கொஞ்சம் சத்தமாகப் பேசினாலே தன்னைத்தான் திட்டுகிறார் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். ஜூலையில் முதல் ஹீட் (இணை சேரும் பருவம்) வந்து போனது.

கணவருக்கு மஸ்கட்டில் வேலை. டிசம்பர் கடைசியில் எல்லோரும் கிளம்புகிறோம். கூட்டிப் போக எல்லா வழியும் பார்த்துவிட்டோம், முடியவில்லை. மூன்று பேர் கேட்கிறார்கள். பொள்ளாச்சி பக்கம் ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருப்பவர், ஏற்கெனவே நான்கு நாய்கள் உண்டு, "சுதந்திரமா ஓடித் திரியட்டும்மா" என்கிறார். இங்கே கோவையிலேயே ஃபிளாட்டில் ஒரு குடும்பம், நாய் என்றால் உயிர், நாலு வயதிலும் ஆறு வயதிலும் பிள்ளைகள். மூன்றாவது, ஈரோட்டில் ஓய்வுபெற்ற தம்பதி, அவருக்கு அறுபத்து மூன்று வயது, சின்ன வீடு, முன்னால் பத்தடி இடம்தான் இருக்கிறது. தோப்புதான் அவளுக்குச் சரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அவளைக் கைவிடுகிறேனோ என்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம்), கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

தோப்பு வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இந்த ஜாதி நாய்களைப் பற்றி ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது, நாள் முழுக்க ஓட இடம் வேண்டும் என்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசிய பிறகு நாட்டு நாய் மேல் எல்லோருக்கும் ஆசை வந்தது. நல்லதுதான், ஆனால் நாயைப் பற்றிய விவரத்தைவிட பெருமைதான் அதிகம் பரவியது. கோம்பை காவல் நாய். கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்து விரட்டுகிற வேட்டை நாய்கள், கரிசல் காட்டில் முயலுக்குப் பின்னால் விட்டவை. மோப்பம் பிடித்து மணிக்கணக்காகத் தொடர்கிற வேலை இதற்கு இல்லை, கண்ணில் பட்டதும் ஒரே பாய்ச்சல், ஒன்றிரண்டு நிமிடத்தில் கதை முடிந்துவிடும். மிச்ச நேரம் தூக்கம்தான். என் வீட்டுச் செவலை காலையில் கால் மணி நேரம், சாயங்காலம் கால் மணி நேரம் வேகமெடுத்து ஓடுவான், மற்றபடி ஃபேனுக்குக் கீழே நாலு காலையும் விரித்துக் கிடப்பான், வீட்டுக்கு வருகிறவர்கள் உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்பார்கள்.

தோப்பில் என்ன ஆகும் என்றால், வேலி இல்லாத ஐந்து ஏக்கர் இந்த நாய்க்கு ஐந்து ஏக்கர் கிடையாது, கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரைக்கும் அவளுடையது. மயில் எழும்பும், பின்னாலேயே போவாள். பக்கத்துத் தோட்டத்துக் கோழியைப் பிடிப்பாள், அது அவள் குற்றமில்லை, அதற்காகவே பல தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்த உடம்பு. இரண்டாவது கோழிக்குப் பிறகு சங்கிலியில் கட்டுவார்கள், இல்லையென்றால் கோழிக்காரர் இறைச்சியில் எதையாவது கலந்து வைப்பார். சுதந்திரமாகத் திரியட்டும் என்று ஆரம்பித்தது பம்புசெட் ரூம் பக்கம் நாலடிச் சங்கிலியில் முடிந்ததை நானே இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறேன். அதோடு அங்கே ஏற்கெனவே நாலு நாய். குக்கர் விசிலுக்கு ஒளிகிற பிள்ளை சாப்பாட்டுத் தட்டுக்கு எப்படிச் சண்டை போடும்?

கோவைக் குடும்பம். நாய் என்றால் உயிர் என்கிறார்கள், அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் பயம். அப்படிப்பட்டவர்கள் பார்த்த உடனே கட்டிப்பிடிப்பார்கள். பிள்ளைகள் ஆறு வயதைத் தாண்டவில்லை என்பதுதான் என் சிக்கல், ஃபிளாட் என்பது சிக்கலே இல்லை. இந்த நாய்கள் ஆழ்ந்து தூங்கும், தூக்கத்தில் மேலே விழுந்தால் திடுக்கிட்டு எழுந்து பல்லைக் காட்டும், சில சமயம் பல் படவும் செய்யும், அப்புறம் அந்தக் குழந்தையின் பாட்டி ஒரு நாள்கூட அவளை வீட்டில் வைத்திருக்க விடமாட்டார். தோலும் மெல்லிசு, கொழுப்பு என்பதே கிடையாது, விளையாட்டாக ஒரு பொம்மை வண்டி இடித்தாலும் கிழிந்து தையல் போட வேண்டிவரும். இதே வீட்டில் பன்னிரண்டு வயதில் ஒரு பெண், பள்ளிக்கூடம் விட்டு வந்து ஓரமாக உட்கார்ந்து புத்தகம் படிக்கிற பெண் இருந்திருந்தால், யோசிக்காமல் கொடுங்கள் என்றிருப்பேன்.

ஆக என் கை ஈரோட்டுப் பக்கம்தான் நீள்கிறது. ஆனால் இப்போதே சரி என்று சொல்லிவிடாதீர்கள், கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கிறது. இடம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள், தினம் யார் யார் வந்து போவார்கள், கேட்டை யார் திறந்துபோட்டுவிட்டுப் போவார்கள் (பெரும்பாலும் தண்ணீர் கேன் போடுகிற பையனாக இருக்கும்), வீட்டில் யாருக்குக் குரல் பெரிசு, இதையெல்லாம் கேளுங்கள். முக்கியமாக, முன்னால் வைத்திருந்த நாய் எப்படிப் போனது, கடைசி ஆறு மாதம் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று கேளுங்கள். நாய் பிடிக்கும் என்று சொல்ல எல்லோராலும் முடியும், கிழட்டு நாயின் மூத்திரத் துணியைப் பற்றிப் பேச வளர்த்தவர்களால்தான் முடியும். அப்புறம் ஒரு சங்கடமான கேள்வி, ஆனால் கேட்டே ஆக வேண்டும். மின்னி இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் இருப்பாள், அவருக்கு அப்போது எழுபத்தைந்து. அவர்களால் முடியாமல் போனால் மகனோ மகளோ எடுத்துக்கொள்வார்களா, அதை அந்த மகன் வாயாலேயே கேட்டீர்களா? அவர்கள் தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

கேட்டதும் அவர்களை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஒரு தடவை போதாது, இரண்டு தடவையாவது வரட்டும். வந்து அவளைப் பார்க்கவே வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், கையை நீட்ட வேண்டாம். தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து உங்களோடு காபி குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசட்டும். ஒரு மணி நேரம் நாய் எட்டிக்கூடப் பார்க்காமல் இருந்தும் முகம் சுளிக்காமல் எழுந்து போகிறவர்தான் அவளுக்கு ஏற்ற ஆள். பத்தாவது நிமிடம் பிஸ்கட்டை நீட்டி "வா வா" என்கிறவர் கெட்டவர் இல்லை, மின்னிக்கு ஆகாதவர், அவ்வளவுதான்.

இதையெல்லாம் நான் புத்திசாலித்தனத்தில் சொல்லவில்லை, பட்டுத்தான் சொல்கிறேன். செவலை என்னிடம் வந்தபோது அவனுக்குப் பத்து மாதம், நான் மூன்றாவது வீடு. வந்த அன்றைக்கே பெருமையாகப் பெல்ட்டைப் போட்டு டீக்கடைக்கு நடத்திக் கூட்டிப் போனேன். ஒரு புல்லட் பைக் பக்கத்தில் வந்து படபடவென்று வெடித்தது. அவன் பின்னால் ஒரு இழு இழுத்தான், பெல்ட் என் கையில் இருக்கிறது, நாயைக் காணோம். இவற்றுக்குக் கழுத்தைவிடத் தலை சிறுசு, சாதாரணப் பெல்ட் எவ்வளவு இறுக்கினாலும் உருவிக்கொண்டு வந்துவிடும். இது அன்றைக்கு எனக்குத் தெரியாது. இரண்டு ராத்திரி தேடினோம். ரயில்வே லைனை ஒட்டிய சீமைக் கருவேலங்காட்டில் நிற்கிறான், பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட இன்னும் உள்ளே போகிறான், நான் துரத்துகிறேன், அவன் வேகத்துக்கு நான் எங்கே! கடைசியில் என் மனைவிதான் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, சுட்ட கருவாட்டை ஒரு துணியில் கட்டிக்கொண்டு போய், காட்டுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். விடிகாலை நாலரை மணிக்கு அவள் முழங்கைக்கு அடியில் ஈர மூக்கு. அதற்குப் பிறகும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை, அவன் முழுசாகச் சாப்பிட்டு மடியில் தலையை வைக்கும் வரைக்கும். இந்தக் கதையை ஈரோட்டுக்காரர்களிடம் அப்படியே சொல்லுங்கள்.

இன்னொன்று. விளம்பரம் எங்கேயாவது போட்டிருந்தால் நாலாவதாக ஒருவர் கட்டாயம் கூப்பிடுவார். மின்னியின் சுபாவத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார், "கன்னி பெட்டையா, ஹீட் எப்ப வந்துச்சு?" என்பார். போனை வைத்துவிடுங்கள். முயலுக்கு வேண்டும் என்று ஜாடையாகக் கேட்பவர்களும் உண்டு, 1972ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம், அந்த ஜீப்பில் உங்கள் மின்னி ஏறக் கூடாது. குட்டிக்காக யாரும் கேட்காமல் இருக்க ஒரே வழி, நீங்களே கருத்தடை செய்துவிட்டுக் கொடுப்பது. ஹீட் முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டதால் இப்போது செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்கும்போதே இது மெலிந்த வேட்டை நாய் ஜாதி என்பதையும் சொல்லுங்கள், தயோபென்டோன் மாதிரியான பழைய மயக்க மருந்து உடம்பில் கொழுப்பில்லாத இந்த நாய்களுக்குச் சீக்கிரம் தெளியாது. இப்போது பெரும்பாலான டாக்டர்கள் வேறு மருந்துதான் கொடுக்கிறார்கள், இருந்தாலும் நாம் வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. தையல் ஆறி, தீபாவளி வெடியெல்லாம் அடங்கி ஒரு வாரம் போன பிறகு அனுப்புங்கள். வெடிச் சத்தத்தையும் புது வீட்டையும் சேர்த்துத் தாங்க அவளால் முடியாது. அதே சமயம் டிசம்பர் வரைக்கும் இழுக்காதீர்கள். கொடுத்த பிறகு நீங்கள் ஒரு மாதமாவது ஊரில் இருக்க வேண்டும், சரிப்படவில்லை என்றால் திரும்ப வாங்கிக்கொள்ள. அதை முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுங்கள், "வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், எனக்கு ஒரு போன் போடுங்கள்" என்று.

கைவிடுகிறேனோ என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணப் பெண்ணுக்குச் சீரோடு சேர்த்துக் கொடுத்த நாய் என்பதால்தான் கன்னி என்று பெயர் வந்தது, அதை விற்க மாட்டார்கள், கொடுக்க மட்டும்தான் செய்வார்கள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. பெண்ணைக் கொடுக்கிறவர்கள் நாலு இடம் விசாரிக்காமல் கொடுப்பதில்லை, கொடுத்ததும் வாசலைச் சாத்திக்கொள்வதும் இல்லை. நீங்கள் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறீர்கள்?

போகிற அன்றைக்கு அவள் படுக்கிற போர்வையைத் துவைக்காமல் கொடுத்தனுப்புங்கள், சாப்பிடுகிற தட்டையும். இரண்டு வாரத்துக்கு நீங்கள் போடுகிற சாப்பாட்டையே அவர்களும் போடட்டும். எந்தெந்தச் சத்தத்துக்குப் பயப்படுவாள் என்று ஒரு தாளில் எழுதுங்கள், குக்கர், மிக்சி, போன் பேச்சு எல்லாம். இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிட மாட்டாள், மூலையிலேயே கிடப்பாள், அதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவர்கள் பதற மாட்டார்கள். பழகச் சில வாரம் ஆகும், நம் வீடு என்று அவள் நினைக்கச் சில மாதம் ஆகும். வாசலில் நின்று அவளைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள், கடைக்குப் போகிற மாதிரி கிளம்பிவிடுங்கள், அழுகையைக் காரில் வைத்துக்கொள்ளலாம். அப்புறம், மஸ்கட்டிலிருந்து வீடியோ கால் போட்டு "மின்னீ" என்று கூப்பிடவே கூடாது. குரல் கேட்கும், ஆள் இருக்காது, போனுக்குப் பின்னால் போய்ப் போய்த் தேடுவாள். படம் அனுப்பச் சொல்லிப் பாருங்கள், போதும்.

ஈரோட்டுக்காரர்களிடம் இந்த வாரமே பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள். கேட்டுக்கு அடியில் எவ்வளவு சந்து இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், நான்கு விரலுக்கு மேல் இருந்தால் ஒரு பலகை அடிக்கச் சொல்ல வேண்டும். காம்பவுண்டு ஆறடியாவது இருக்கட்டும். அவள் போவதற்கு முன்னாலேயே இழுத்தால் தானாக இறுகுகிற மார்ட்டிங்கேல் பெல்ட் ஒன்று வாங்கிப் பழக்கிவிடுங்கள். அகலமானதாகப் பார்த்து வாங்குங்கள், மெல்லிசுப் பட்டை இந்தக் கழுத்தை அறுக்கும்.