எச்சில் டெஸ்ட் எடுத்தால் போதாதா டாக்டர்?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. பல வருஷமாக வெற்றிலை பாக்கோடு புகையிலை போடுகிறார். இடது கன்னத்தின் உள்பக்கம் 2 மாதமாக ஒரு வெள்ளைத் திட்டு. பயாப்ஸி (திட்டிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதிப்பது) பண்ண வேண்டும் என்கிறார் பல் டாக்டர், அப்பா பயப்படுகிறார். எச்சிலை வைத்தே வாய்ப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாமாமே?

பதில்: உங்கள் அப்பாவுக்கு அது போதாதும்மா. பயாப்ஸிதான் எடுக்க வேண்டும்.

நீங்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. புற்று வந்த இடத்திலிருந்து சில புரதங்களும் ஆர்.என்.ஏ. (மரபணுவின் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு) துணுக்குகளும் எச்சிலில் கலக்கின்றன, அவற்றை அளந்து நோயாளிகளையும் நோய் இல்லாதவர்களையும் ஓரளவு பிரித்துக் காட்ட முடியும் என்று லாஸ் ஏஞ்சல்ஸில் டேவிட் வோங் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் 2004லேயே எழுதினார்கள். ஆனால் அதில் முக்கியமாகப் பேசப்படும் இன்டர்லூகின்-8 என்ற புரதம் ஈறு வீங்கிச் சீழ் பிடித்தாலும் ஏறும், வெற்றிலை போடுகிறவர்களில் ஈறு நன்றாக இருப்பவர் எத்தனை பேர் சொல்லுங்கள். சரி, அளவு சாதாரணமாகவே வந்துவிட்டது என்று வையுங்கள், அந்தத் திட்டு அங்கேயேதானே இருக்கும்? அதற்குள் என்ன நடக்கிறது என்பதை அந்தச் சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

'கத்தி பட்டால் பரவிவிடும்' என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருப்பார்கள். அப்படி நினைத்து பயாப்ஸியைத் தள்ளிப்போடத் தேவையே இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி மணி அளவு சதை எடுப்பார்கள், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். இப்படிப்பட்ட திட்டுகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். ஆனால் திட்டில் சிவப்பு கலந்திருந்தாலோ, தொட்டால் கெட்டியாக இருந்தாலோ, காரம் பட்டு எரிந்தாலோ இந்த வாரமே போய்விடுங்கள். அப்புறம் வீட்டிலேயே ஒன்று பாருங்கள்: அவருடைய 3 விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் வாய்க்குள் போகிறதா? போகவில்லை என்றால் பாக்கினால் சதை இறுகத் தொடங்கியிருக்கலாம், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

புகையிலையை விட்டுவிட்டு வெறும் பாக்கு போடுகிறேன் என்று பேரம் பேசுவார், விடாதீர்கள், பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும். நிறுத்த உதவி வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேசலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதை பயாப்ஸிக்கு முன்பே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.