கால்வேயில் வெயில் வரவில்லை, வீடெல்லாம் ஈரம்!

கேள்வி: போன அக்டோபரில் அயர்லாந்துக்கு, கால்வே நகருக்குக் குடும்பத்தோடு வந்தோம். நான் நர்ஸ். குளிர்காலம் முழுக்க "ஜூன் வரட்டும், எல்லாம் மாறிடும்" என்று சொல்லிச் சொல்லித்தான் நாளை ஓட்டினேன். இப்போது ஜூலை பாதி தாண்டிவிட்டது. 15 டிகிரி, தினமும் மழை. துவைத்த துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை. பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் புள்ளிகள். பள்ளி விடுமுறையில் 6, 9 வயதுப் பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து சண்டை போடுகிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா போர்வையை விட்டு எழுந்திருப்பதே இல்லை. எனக்கும் மனசு விட்டுப்போச்சு. என்ன செய்யலாம்?
- வாசகி, கால்வே

பதில்: எட்டு மாதம் ஒன்றை எதிர்பார்த்திருந்து அது வராமல் போனால் மனசு விட்டுப்போகத்தான் செய்யும், சகோதரி. உங்கள் ஏமாற்றத்தில் ஒரு தவறும் இல்லை. ஆனால் நீங்கள் எதிர்பார்த்த வெயில் கால்வேக்கு உரியதில்லை. நல்ல வருடத்திலேயே அங்கே ஜூலை மாதப் பகல் வெப்பம் 18, 19 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும். அட்லாண்டிக் கடலில் உள்ள அசோர்ஸ் தீவுகள் பக்கத்துக் காற்றின் உயரழுத்தம் வடக்கே ஏறி வந்தால் அயர்லாந்துக்கு நல்ல கோடை. வானத்தில் மிக உயரே வேகமாக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் காற்றோட்டம் வழக்கத்தைவிடத் தெற்கே இறங்கிவிட்டால், அட்லாண்டிக்கின் காற்றழுத்தத் தாழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். அவை முதலில் கரையேறுவது உங்கள் மேற்குக் கரையில்தான்.

அயர்லாந்தின் 2023-ஐப் பாருங்கள். அந்த ஜூன், பதிவானதிலேயே மிக வெப்பமான ஜூன். அடுத்த மாதமே, பதிவானதிலேயே அதிக மழை பெய்த ஜூலை. 2024 கோடை 2015-க்குப் பிறகு வந்த கோடைகளிலேயே குளிர்ந்தது. 2025 கோடையோ பதிவானதிலேயே வெப்பமானது. இதில் எதையும் முன்கூட்டி நம்பி வாழ்க்கையைத் தள்ளிப்போட முடியாது. வானத்தை விட்டுவிட்டு வீட்டைக் கவனிப்போம். உங்கள் கஷ்டத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஒரு கேள்வி. "கோடை வந்தாச்சே" என்று மே மாதத்தோடு ஹீட்டிங்கை அணைத்துவிட்டீர்களா? பல வீடுகளில் கோடையில் பூஞ்சை பிடிக்க இது ஒரு காரணம். வெளியே 14 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் கிட்டத்தட்ட 11 கிராம் தண்ணீர் இருக்கும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடேறினால் ஈரப்பதம் 63 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வீடு 16 டிகிரியில் கிடந்தால் 80 சதவீதத்தில் நிற்கும். தண்ணீர் அதே அளவுதான், சூடு மட்டும்தான் வேறு. பீரோவுக்குப் பின்னால் உள்ள வெளிச்சுவர் அறையைவிட இன்னும் இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்திருக்கும், காற்றும் ஓடாது. அங்கே ஈரம் தங்கியே கிடப்பதால்தான் கறுப்புப் புள்ளி முதலில் அங்கே தெரிகிறது.

அதனால் ஜூலை என்று பார்க்காதீர்கள். காலையில் எழுந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைப் பத்துப் பதினைந்து நிமிடம் முழுசாகத் திறந்து வையுங்கள். மழை பெய்தாலும் பரவாயில்லை, சாரல் உள்ளே அடிக்காத பக்கமாகத் திறந்தால் போதும். பிறகு மூடிவிட்டு ஒரு மணி நேரம் ஹீட்டிங் போடுங்கள். மாலையிலும் ஒரு மணி நேரம். கூடத்தில் 20, படுக்கையறையில் 18 டிகிரி இருந்தால் போதுமானது. ஜன்னலை நாள் முழுக்க ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் சுவர் குளிர்ந்துபோகுமே தவிர ஈரம் அவ்வளவாகக் குறையாது. ஹைக்ரோமீட்டர் என்னும் சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கி அந்தப் பீரோ பக்கத்தில் வையுங்கள். 40-க்கும் 60-க்கும் நடுவில் காட்டினால் நல்லது. 70-ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் எங்கோ ஈரம் சேர்கிறது என்று அர்த்தம்.

சுவரில் வெளிக்காற்று வர வட்டமாகவோ சதுரமாகவோ ஒரு துளை இருக்கும். "குளிர் காற்று வருது" என்று பலர் அதில் துணியைத் திணித்துவிடுகிறார்கள். அடைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். கேஸ் பாய்லரோ விறகு அடுப்போ இருக்கும் அறையில் அதை அடைத்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு சேரக்கூடும், உயிருக்கே ஆபத்து. சிலிண்டர் வைத்து உருட்டிக்கொண்டுபோகும் கேஸ் ஹீட்டரும் வேண்டாம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கும் மேலான நீராவி அறைக்குள்ளேயே தங்கும்.

சுவர்ப் புள்ளியைக் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், பூஞ்சைத் தூள் அறை முழுக்கப் பரவும். கையுறையும் மாஸ்க்கும் போட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பிறகு பூஞ்சை நீக்கி அடிக்கலாம். பிளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். இத்தனைக்குப் பிறகும் அதே இடத்தில் திரும்ப வந்தால், அல்லது சுவரில் தண்ணீர்க் கறை பரவினால், அது வீட்டின் கோளாறு. போட்டோ எடுத்து, வீட்டு ஓனருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாடகை வீட்டில் ஈரம் இறங்காமலும் காற்றோட்டம் இருக்கும்படியும் வைப்பது ஓனரின் சட்டக் கடமை. அவர் கண்டுகொள்ளாவிட்டால் சிட்டி கவுன்சிலில் சொல்லி ஆய்வுக்கு வரச் சொல்லலாம்.

அடுத்தது துணி. வீட்டுக்குள் ஈரத்தைக் கொட்டுவதில் இதற்குப் பெரிய பங்கு. உலர்ந்த நிலையில் 5 கிலோ எடையுள்ள துணியை மெஷினில் நிமிடத்துக்கு 800 சுழற்சியில் பிழிந்தால் சுமார் 4 லிட்டர் தண்ணீர் துணியிலேயே நிற்கும். 1400-இல் பிழிந்தால் அது இரண்டரை லிட்டராகக் குறையும். எனவே துவைத்து முடிந்ததும் இன்னொரு முறை ஸ்பின் மட்டும் தனியாக ஓட்டுங்கள், மிஞ்சியது ஓரளவு போகும். பிறகு துணி ஸ்டாண்டை வீட்டிலேயே சின்ன அறையில் வைத்து, துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி விட்டுக் காயப்போட்டு, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் மெஷினை ஓடவிட்டுக் கதவையும் ஜன்னலையும் சாத்திவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் அந்த மெஷின் கால்வே மழையையே உறிஞ்சிக்கொண்டிருக்கும், பலர் செய்யும் தப்பு இது. 250 வாட் மெஷின் ஆறு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட் கரண்ட். பழைய வகை டம்பிள் டிரையர் ஒரே தடவைக்கு நாலு யூனிட்டை ஒட்டி இழுக்கும். ஹாலில் ரேடியேட்டர் மேல் துணியைப் போர்த்துவதை மட்டும் நிறுத்திவிடுங்கள், ரேடியேட்டரின் சூடும் அறைக்கு வராது, ஈரம் முழுக்கச் சுவரில் போய் உட்காரும்.

வெளியில் காய வைக்க வெயில் தேவையில்லை, காற்று போதும். அயர்லாந்துக்காரர்கள் "குட் டிரையிங்" என்று ஒரு நாளைப் புகழ்ந்து பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். 15 டிகிரியில் மேகமாக இருந்தாலும், ஈரப்பதம் 70-க்குக் கீழே இறங்கி நல்ல காற்று வீசினால் பருத்திச் சட்டை மூன்று நாலு மணி நேரத்தில் காய்ந்துவிடும். மெட் ஏரன் வானிலைத் தளத்தில் விவசாயிகளுக்கென்று ஒரு பக்கம் உண்டு. வைக்கோல், தீவனப் புல் அறுப்பவர்களுக்காக அதில் உலரும் நிலை எப்படி என்று தனியாகவே எழுதுவார்கள். துணிக்கும் அதுவே சரியான வழிகாட்டி. முக்கால்வாசி காய்ந்ததை எடுத்து மடித்து ஹாட் பிரஸ்ஸில் வையுங்கள். வெந்நீர் டாங்க் நிற்கும் அலமாரிக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். மிச்ச ஈரம் ஒரு ராத்திரியில் போய்விடும். உங்கள் வீட்டில் அது இருந்தால் இட்லி மாவுக்கும் அதுவே இடம். 16 டிகிரி அடுக்களையில் பொங்காத மாவு, அங்கே பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் பொங்கும். பாத்திரத்தில் பாதிதான் ஊற்ற வேண்டும், அடியில் ஒரு தாம்பாளம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மடித்து வைத்த துணியெல்லாம் மாவாகும்.

இனி பிள்ளைகள். "மழை" என்று ஒரே வார்த்தையில் சொல்வதால்தான் நாள் முழுக்க உள்ளேயே அடைந்து கிடக்கிறோம். அங்கே பெய்வது மூன்று விதம். வானம் ஒரே சாம்பல் நிறத்தில் மூடி, வானிலைத் தளத்தின் மழை ரேடார் படத்தில் பட்டையாகத் தொடர்ச்சியாகத் தெரிந்தால் அது வெப்பக் காற்றும் குளிர்காற்றும் சந்திக்கும் எல்லையில் பெய்யும் மழை. நாலு முதல் எட்டு மணி நேரம் விடாது. அன்று உள்ளே இருங்கள். ரேடாரில் பொட்டுப் பொட்டாக, நடுவே இடைவெளியோடு தெரிந்தால் விட்டு விட்டுப் பெய்யும் ஷவர். கால் மணி கொட்டும், அரை மணியோ ஒரு மணியோ பளிச்சென்று வெளுக்கும். அந்த இடைவெளியில் பிள்ளைகளோடு வெளியே இருக்க வேண்டும். ரேடார் படத்தைக் கடந்த ஒரு மணி நேரத்துக்கு ஓட்டிப் பார்த்தால், அடுத்த பொட்டு உங்கள் தலைக்கு எப்போது வரும் என்று நீங்களே கணக்குப் போடலாம். மூன்றாவது, காற்றில் மிதக்கும் தூறல். "சாஃப்ட் டே" என்று செல்லமாகச் சொல்வார்கள். அது நிற்குமென்று காத்திருக்கவே கூடாது, கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.

ஷவர் மேகங்களில் பல, பகல் சூட்டில் நிலத்தின்மேல் கிளம்புபவை. சூரியன் சாயும்போது அவை அடங்கிவிடும். இந்த மாதம் கால்வேயில் சூரியன் மறைய இரவு பத்து மணியை ஒட்டி ஆகிவிடுகிறது. ராத்திரிச் சாப்பாட்டை ஆறு மணிக்கே முடித்துவிட்டு, ஏழரைக்குச் சால்ட்ஹில் கடற்கரை நடைபாதைக்குப் போய்ப் பாருங்கள். பகலைவிட நல்ல பொழுது பல நாட்கள் அப்போதுதான் கிடைக்கும். நடைபாதை முடியும் இடத்துச் சுவரைக் காலால் ஒரு உதை உதைத்துவிட்டுத் திரும்புவது கால்வேக்காரர்களின் வழக்கம். பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், அதற்காகவே நடப்பார்கள்.

வாரக் கடைசியில் காற்று எந்தத் திசை என்று பாருங்கள். மேற்கு, தென்மேற்குக் காற்றென்றால் மழை உங்கள் பக்கம்தான், கிழக்கே டப்ளின் பக்கம் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம், ரயிலில் இரண்டரை மணி நேரம். கிழக்குக் காற்றென்றால் ஊரிலேயே இருங்கள், அந்த நாட்களில் மேற்குக்குத்தான் வெயில். கொட்டித் தீர்த்த மறுநாள் நடக்க ஆசையென்றால் கான்னமாராவின் சதுப்பு நிலம் வேண்டாம், முழங்கால்வரை சொதசொதக்கும். தெற்கே பர்ரனுக்குப் போங்கள். அங்கே தரை சுண்ணாம்புக் கல், மழைநீர் வெடிப்புகளில் இறங்கி மறைந்துவிடும். கல் ஈரமாக இருக்கையில் வழுக்கும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

விடாமழை நாளுக்குப் பொது நூலகம் இருக்கிறது. கோடையில் பிள்ளைகளுக்கான சம்மர் ஸ்டார்ஸ் வாசிப்புத் திட்டம் இலவசம், புத்தகத்தைத் திருப்பித் தரத் தாமதமானால் அபராதமும் கிடையாது. ஸ்பானிஷ் ஆர்ச் அருகிலுள்ள கால்வே சிட்டி மியூசியத்துக்கும் கட்டணம் இல்லை.

உடுப்பு விஷயத்தில் குடையை நம்பாதீர்கள், மேற்குக் கரைக் காற்றில் ஒரு வாரம் தாங்காது. தையலில் டேப் ஒட்டிய, 10,000 மில்லிமீட்டர் நீர்த்தாங்கு அளவு போட்ட ஜாக்கெட் வாங்குங்கள். ஜீன்ஸ் நனைந்தால் அன்று காயாது, பிள்ளைகளுக்கு மெல்லிய பாலியெஸ்டர் பேண்ட்டும் மேலே மழைக் கால்சட்டையும் போதும். ஜாக்கெட்டில் தண்ணீர் முத்தாக உருளாமல் துணியிலேயே ஊறினால் ஓட்டை என்று நினைத்துத் தூக்கிப் போட வேண்டாம், மேற்பூச்சு தேய்ந்திருக்கிறது. அதற்கான திரவத்தில் துவைத்து நீர்விலக்கிப் பூச்சு கொடுத்தால் பழையபடி ஆகும். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் மட்டும் அதில் படவே கூடாது. ஷூ நனைந்தால் உள்ளே நியூஸ்பேப்பரைத் திணித்து, இரண்டு மணிக்கொரு தடவை மாற்றுங்கள்.

நீங்கள் நர்ஸ், உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் வீட்டில் எல்லோரும் எடுக்கிறார்களா என்று பாருங்கள்: வைட்டமின் டி. வெள்ளைத் தோலுக்குக் குளிர்மாதங்களில் மட்டும் மாத்திரை எடுக்கச் சொல்லும் அயர்லாந்து உணவுப் பாதுகாப்பு ஆணையம், நம்மைப் போன்ற கருந்தோலுக்கு வருடம் முழுக்கவே எடுக்கச் சொல்கிறது. பெரியவர்களுக்குத் தினம் 15 மைக்ரோகிராம், உங்கள் பிள்ளைகளின் வயதுக்கு 10.

அம்மாவுக்குக் குளிர் ஏறுவது பெரும்பாலும் காலிலிருந்துதான். வீட்டுக்குள் கம்பளி சாக்ஸும் அடி கனமான செருப்பும் போடச் சொல்லுங்கள். ஒரே தடிமனான ஸ்வெட்டருக்குப் பதில் உள்ளே உடம்போடு ஒட்டிய தெர்மல், மேலே இரண்டு மெல்லிய அடுக்கு. கூடத்தில் அவர் உட்காரும் நாற்காலியை வெளிச்சுவர் ஓரத்திலிருந்து எடுத்து உள்சுவர்ப் பக்கம் போடுங்கள். 100 வாட் மின்போர்வை ஒன்று மடியில் இருந்தால், ஹீட்டிங் அணைந்திருக்கும் நேரத்திலும் எழுந்து உட்கார்ந்து பேரப்பிள்ளைகளோடு பேசுவார். அடுத்த முறை அவருக்கு டிக்கெட் போடும்போது ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். அயர்லாந்தில் அதிக வெயில் கிடைப்பது மே, ஜூன் மாதங்களில்தான், சராசரியாகத் தினம் ஐந்திலிருந்து ஆறரை மணி நேரம். பிள்ளைகளுக்கு அப்போது பள்ளி இருக்கும்தான். ஆனால் பள்ளி விட்டு வந்தபிறகும் ஏழு மணி நேரம் வெளிச்சம் மிச்சம் இருக்கும்.