முன்னாடி போற சைக்கிள்

அன்புள்ள மேடம்,

எங்களுக்குக் கல்யாணம் ஆகி 9 வருஷம் ஆகுது. ரெண்டு பேருக்கும் சைக்கிள்னா உயிர், பழக்கமே ஒரு சைக்கிள் குரூப்லதான் ஆரம்பிச்சுது. ஆகஸ்ட்ல பாமிர் ஹைவே போயிட்டு வந்தோம், கிர்கிஸ்தான்ல ஓஷ்ல கிளம்பி தஜிகிஸ்தான்ல கோரோக் வரைக்கும், 700 கிலோமீட்டருக்கு மேல, 17 நாள். பாக்குறவங்க எல்லாம் குடுத்து வெச்சவங்கன்னு சொல்றாங்க. எனக்கு மட்டும் இன்னும் மனசு ஆறல.

விஷயம் இதுதான், அவர் முன்னாடி போயிடுவார். தினமும். காலைல டென்ட் மடிச்சு பேக் எல்லாம் மாட்டி ஒண்ணாத்தான் கிளம்புவோம், அரை மணி நேரத்துல அவர் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பார், அப்பறம் ரெண்டு, அப்பறம் ஆளே தெரியாது. எங்கயாவது மேட்டு மேல உக்காந்து எனக்காக வெயிட் பண்ணுவார், நான் நாக்கு தள்ளி போய்ச் சேர்ந்தா "வந்துட்டியா, போலாமா"ன்னு எந்திரிச்சு சைக்கிள்ல ஏறிடுவார். அவர் 20 நிமிஷம் ரெஸ்ட் எடுத்தாச்சு, எனக்கு ஒரு வாய் தண்ணி குடிக்கக்கூட டைம் இல்ல. யோசிச்சுப் பாருங்க, நாள் முழுக்க ரெஸ்டே இல்லாம ஓட்டுனது யாரு?

காராகுல் ஏரி தாண்டுனப்பறம் ரோடு முழுக்க வாஷ்போர்டு மாதிரி அலை அலையா இருக்கும், சைக்கிள் நடுங்குற நடுக்கத்துல கை மரத்துப் போயிடும், மத்தியானம் ஆச்சுன்னா எதிர்காத்து வேற. ஒரு பக்கம் சைனா பார்டர் வேலி கம்பி, இன்னொரு பக்கம் மொட்டை மலை, மரம்னு ஒண்ணு கிடையாது, போன்ல சிக்னல் கிடையாது. அங்க எனக்கு பஞ்சர் ஆச்சு. பம்ப் அவர் பேக்ல. 40 நிமிஷம் தனியா நின்னேன். அப்பறம் திரும்பி வந்தார், "என்னாச்சுன்னு பாத்தேன்"ன்னார். பாத்தாராம்!

டென்ட் அவர் சைக்கிள்ல, ஸ்டவ் என் சைக்கிள்ல, ஒருத்தர் காணாமப் போனா இன்னொருத்தர் கதி என்னன்னு அவர் யோசிச்சதே இல்ல. ஒருநாள் "மெதுவா வா, அவசரமில்ல"ன்னார், அது எப்படிப்பட்ட குத்தல்னு எனக்குத்தான் தெரியும். போட்டோ எடுத்தார் 800, அதுல பாதில நான் ஒரு புள்ளி. பின்னால தூரத்துல வர்ற புள்ளி. நம்ம டூர் போட்டோன்னு அதைத்தான் எல்லாருக்கும் காட்டுறார்.

அக்பைட்டல் கணவாய் 4655 மீட்டர், அதுக்கு முந்துன ராத்திரி எனக்கு மண்டையைப் பிளக்குற தலைவலி, டென்ட்டுக்கு வெளிய போய் வாந்தி எடுத்துட்டு வந்து படுத்தேன், ஓகேவான்னு கேட்டார், ஓகேன்னுட்டேன், சொன்னா ரெண்டு நாள் உக்காரணும், என்னாலதான் லேட்டுன்னு ஆயிடும். மறுநாள் கடைசி ரெண்டு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டே ஏறுனேன். அவர் மேல நின்னு கை ஆட்டிக்கிட்டு இருந்தார்.

முர்காப் தாண்டி அலிச்சூர் பக்கம் ஒரு பெரிய சமவெளி வரும், அங்க மூணு மணி நேரம் அவர் கண்ணுலயே படல. அன்னிக்கு என்னமோ நல்லாதான் இருந்துச்சு, பாட்டெல்லாம் பாடிக்கிட்டு வந்தேன், ரெண்டு தடவை சும்மா நிறுத்தி உக்காந்தேன். அப்பறம் தூரத்துல அவரோட ஆரஞ்சு பேக் தெரிஞ்சதும் வயித்துக்குள்ள ஏதோ இறுகுச்சு. அதை விடுங்க, அது டயர்டா இருந்ததால இருக்கும். ஆனா மூணு மணி நேரம் மேடம், ஒரு பொண்டாட்டியை அந்த மாதிரி இடத்துல மூணு மணி நேரம் தனியா விட்டுட்டுப் போற மனுஷனை என்னன்னு சொல்றது?

இப்ப அடுத்து சிலி நாட்டுல கரெட்டேரா ஆஸ்ட்ரால்ங்கற ரோடுன்னு மேப்பை டைனிங் டேபிள்ல விரிச்சு வெச்சிருக்கார், 1200 கிலோமீட்டர். மறுபடி அதேதான் நடக்கும். இவருக்கு எப்படிப் புரிய வைக்கிறது?

பெயர் வேண்டாம்

*

அன்புத் தோழிக்கு,

உங்க கணவர் முன்னாடி போறாருன்னு எனக்கு நல்லாப் புரிஞ்சுது, லெட்டர்ல எத்தனை இடத்துல சொல்லியிருக்கீங்கன்னு எண்ணுறதைப் பாதில விட்டுட்டேன். ஆனா நீங்க "அதை விடுங்க"ன்னு சொன்னீங்க பாருங்க, என்னால அதை விட முடியல.

மூணு மணி நேரம் நல்லாருந்துச்சு, பாடுனீங்க, தோணுன இடத்துல நிறுத்தி உக்காந்தீங்க. அவர் பேக் கண்ணுல பட்டதும் வயிறு இறுகுச்சு. அடுத்த வரியிலயே அந்த மூணு மணி நேரத்தையே அவர் மேல குத்தமாத் திருப்பிட்டீங்க. எனக்கென்னவோ இந்த லெட்டரை நீங்க எழுதுனதே அந்த வயித்துக்காகத்தான்னு படுது. "அவர் இல்லாதப்ப நான் நல்லா இருக்கேனே, அப்ப எனக்கு அவரைப் பிடிக்கலையா?" இதை யார்கிட்டயும் கேக்க முடியாது, அதனால பம்ப் யார் பேக்ல இருந்துச்சுன்னு கேக்குறீங்க.

பயப்படாதீங்க. 17 நாள் ஒரே டென்ட், ஒரே பாத்திரம், ராத்திரி ஒருத்தர் புரண்டு படுத்தா இன்னொருத்தருக்கு முழிப்பு வந்துடும், பேச வேற ஆளே கிடையாது. அதுல மூணு மணி நேரம் தனியா கிடைச்சா யாருக்கும் சந்தோஷமாத்தான் இருக்கும். அவரும் முன்னாடி போனதுல பாதி அதுக்காகத்தானோ என்னமோ, கேட்டுப் பாருங்க. தனியா சந்தோஷமா இருந்ததை வெச்சு உங்க கல்யாணத்தைப் பத்தி நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

வயிறு இறுகுனதைப் பத்திதான் பேசணும். மேட்டு மேல உக்காந்திருக்கவரைப் பாத்ததும் அதுவரைக்கும் பாடிக்கிட்டு வந்த பொண்ணு திடீர்னு "லேட்டா வர்றவ" ஆயிடுறா. அந்தப் பேரை யார் வெச்சது? உங்க லெட்டர்ல அவர் பேசுனதை மட்டும் தனியா எடுத்து எழுதிப் பாத்தேன். "வந்துட்டியா, போலாமா." "என்னாச்சுன்னு பாத்தேன்." "மெதுவா வா, அவசரமில்ல." "ஓகேவா?" அவ்வளவுதான் மொத்தமே. இதுல எது குத்தல்? நீங்க ஸ்லோ, உங்களாலதான் லேட்டு, இதெல்லாம் நீங்களே எழுதி அவர் குரல்ல படிச்சுக்கிட்ட வசனம். கோவிச்சுக்காதீங்க, இதை நான் சொல்லித்தான் ஆகணும். போனா விட்டுட்டுப் போறார், நின்னா எடை போடுறார், பேசுனா குத்துறார்னா அந்த மனுஷன் எங்கதான் நிப்பார்?

அந்தப் புள்ளி போட்டோவும் அப்படித்தான். நீங்க அதை உங்களைச் சின்னதாக் காட்டுற படம்னு பாக்குறீங்க. நான் பாக்குறப்ப, 4000 மீட்டர்ல குளிர்காத்துல க்ளவுஸைக் கழட்டிட்டு, போற திசைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஒருத்தர் நிக்கிறார், நானூறு தடவை. நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம், அவர் மலையைத்தான் எடுத்தாரோ என்னவோ. ஆனா நீங்க ஒரு தடவையாவது கேட்டீங்களா?

இதெல்லாம் மனசு சமாச்சாரம், மெதுவாப் பேசிக்கலாம். கணவாய்க்கு முந்துன ராத்திரிதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்த உயரத்துல மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்ஸிஜன் கடல்மட்டத்துல இருக்கறதுல 60 சதவீதம்கூட வராது. தலைவலியோட வாந்தியும் வந்தா அது மலைநோய், சரியாகற வரைக்கும் ஒரு அடிகூட மேல ஏறக்கூடாது, குறையலேன்னா கீழ இறங்கிடணும். 3000 மீட்டருக்கு மேல, படுக்குற இடத்தோட உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தாதீங்கன்னு சொல்றதெல்லாம் இதுக்காகத்தான். முத்திப்போய் மூளையில வீக்கம் வந்துச்சுன்னா பேச்சு குழறும், நேர்கோட்டுல நடக்க முடியாம கால் பின்னும், அதுக்கப்பறம் இருக்குறது சில மணி நேரம்தான், அந்த இடத்துல ஹெலிகாப்டரும் கிடையாது, ஆஸ்பத்திரியும் கிடையாது. உங்க மண்டைக்குள்ள என்ன நடக்குதுன்னு அவர் தெரிஞ்சுக்க இருந்த ஒரே வழி உங்க வாய். அவர் கேட்டார். நீங்க ஓகேன்னீங்க. ரெண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனவரைவிட, பக்கத்துல ஒரே டென்ட்ல படுத்துக்கிட்டு அப்படிச் சொன்ன நீங்கதான் அன்னிக்கு ரொம்ப தூரம் போயிட்டீங்க. மேட்டு மேல உங்க வயித்தை இறுக்குன அதே பயம்தான் அந்த ராத்திரி வாயையும் மூடுச்சு, "ஸ்லோ"ன்னு பேர் வந்துடக் கூடாதுன்னு உயிரைப் பணயம் வெச்சிருக்கீங்க.

அவரை நான் விட்டுடல. சிக்னல் இல்லாத இடத்துல, ஸ்டவ் ஒரு வண்டியிலயும் டென்ட் ஒரு வண்டியிலயும் வெச்சுக்கிட்டு கண்ணுக்கு மறைஞ்சு போறது முட்டாள்தனம், இதுல ரெண்டு பேச்சே இல்ல. பம்ப் ஆளுக்கு ஒண்ணு, பஞ்சர் சாமான் ஆளுக்கு ஒண்ணு, தண்ணியும் குளிர் டிரஸ்ஸும் அவங்கவங்க வண்டியில. வேகமாப் போறவர் இன்னும் கொஞ்சம் வெயிட்டை ஏத்திக்கட்டும், ஸ்பீடு தானா சரியாகும். நீங்க போய்ச் சேர்ந்தப்பறம்தான் ரெஸ்ட் டைம் ஆரம்பிக்கும்னு வெச்சுக்கங்க. நீங்க சொன்னதுல இது நூத்துக்கு நூறு நியாயம், ஆனா இதை அவர்கிட்ட ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொன்னீங்களான்னு லெட்டர்ல இல்ல. சொல்லாம இருந்துட்டு எனக்கு எழுதுறீங்களோன்னு ஒரு சந்தேகம்.

அந்தத் தனி நேரத்தையும் ஒளிச்சு வெச்சு ரசிக்காதீங்க, வெளிப்படையாக் கேட்டு வாங்குங்க. காலைல மேப்பைப் பாத்து இந்தப் பாலம், இல்லேன்னா இந்த ஏரிக்கரைன்னு ஒரு இடத்தையும் நேரத்தையும் பேசிக்கிட்டா ஆளுக்கு ரெண்டு மணி நேரம் தனியா ஓட்டலாம். சில நாள் நீங்க முன்னாடி கிளம்புங்க, அவர் பின்னால புள்ளியா வரட்டும், நீங்க போட்டோ எடுங்க.

சிலிக்குப் போகலாமா வேண்டாமான்னு நான் சொல்லப் போறதில்ல, நீங்களும் அதைக் கேக்கல. மேப் டேபிள்லயே கிடக்கட்டும். அதுக்கு முன்னாடி ஒருநாள் ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் அவரை உக்கார வெச்சு அந்த வாந்தியைச் சொல்லுங்க, அன்னிக்கு ஏன் ஓகேன்னு சொன்னீங்கங்கறதையும் சேத்து. அவர் கோவப்படலாம். பட்டா அது நியாயம்தான், குறுக்க பேசாம கேட்டுக்கங்க. அலிச்சூர்ல பாடுன பாட்டை அப்பறம் சொல்லிக்கலாம்.