சோளக்கதிர் கருத்துப்போச்சு, மருந்து அடிக்கலாமா?

கேள்வி: ஐயா, வடமதுரை பக்கம் 1 ஏக்கர்ல வீட்டுச் சாப்பாட்டுக்குன்னு கோ 32 ரகச் சோளம் போட்டேன். ஆடிப்பெருக்கு அன்னிக்கு விதைச்சது. ஐப்பசி மழையில மாட்டி பாதி மணி கருத்துப்போச்சு, சில கதிர்ல ரோஸ் கலர்ல பூஞ்சாணம் நிக்குது. கடையில பூஞ்சாண மருந்து, பூச்சி மருந்து, டானிக் மூணையும் ஒரே டேங்க்ல கலந்து அடிங்க, மணி வெளுத்துரும்ங்கறாங்க. அடிக்கலாமா?

பதில்: அடிக்காதீங்கண்ணே. வெளுத்துரும்ங்கறது சுத்தப் பொய். பூஞ்சாணம் பூவெடுக்கும்போதே உள்ள இறங்கியிருக்கும், கருத்த மணி எந்த மருந்துக்கும் திரும்பாது, அறுப்பு நெருங்கையில அடிக்கிற விஷம் நேரா உங்க வீட்டுச் சோளச்சோத்துலதான் வந்து சேரும். நோயே என்னன்னு பார்க்காம மூணு பாட்டில் எடுத்து நீட்டுறவர்கிட்ட பயிர் வைத்தியம் கேக்காதீங்க.

நீங்க கேட்டிருக்க வேண்டியது எப்ப விதைக்கணும்ங்கறது. ஆடிப்பட்டம்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா எந்தச் சோளத்துக்கு? நம்ம பழைய நீண்டகால நாட்டுச்சோளம் பல, பகல் பொழுது சுருங்கினாத்தான் பூக்கும், ஆடியில போட்டாலும் மழை ஓயுற சமயத்துலதான் கதிர் முத்தும். கோ 32 அப்படிக் காத்திருக்காது, 105-110 நாள்ல கதையை முடிச்சுரும். ஆடி 18ல போட்டா புரட்டாசிக் கடைசியில பூ, ஐப்பசி பூரா பால் பிடிக்கிற நேரம், சரியா அடைமழை. இதையே புரட்டாசி நடுவுல போட்டிருந்தா கார்த்திகையில பூத்து தை பிறக்கையில வெயில்ல முத்தியிருக்கும். பிந்தி விதைச்சா இளங்குருத்தைக் காயவைக்கிற குருத்து ஈ அதிகமா வரும்தான், அதுக்கு விதையைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு, நடுக்குருத்து காஞ்ச நாத்தைப் பிடுங்கி அழிச்சு, நெருக்கமா நிக்கிறதைக் கலைச்சு விடுங்க.

இப்ப செய்ய வேண்டியது அறுப்பு, அதுலதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுறாங்க. தட்டை காயட்டும்னு நிக்காதீங்க. கதிரோட அடிப்பக்கத்துல (மேல இருந்து கீழதான் முத்தி வரும்) நாலு மணி உருவி, உமியை நீக்கி, காம்பு ஒட்டியிருந்த முனையைப் பாருங்க, அங்க ஊசிமுனை அளவுக்கு ஒரு கருப்புப் புள்ளி விழுந்திருந்தா செடியிலருந்து இனி அந்த மணிக்கு ஒண்ணும் ஏறாது. இலை பச்சையா இருந்தாலும் சரி, மழை விட்ட அன்னிக்கே கதிரை அறுத்துருங்க, அதுக்கப்புறம் வயல்ல நிக்கிற ஒவ்வொரு நாளும் பூஞ்சாணத்துக்குத்தான் லாபம். ஆனா அப்ப மணியில ஈரம் 25 சதவீதத்துக்கு மேலகூட இருக்கும், குமிச்சு வச்சா ஒரே ராத்திரியில சூடேறிரும். கூரைக்குக் கீழ பரப்பி, அடிக்கடி புரட்டி, ஃபேன் போட்டாவது காயவைங்க, 12 சதவீதத்துக்கு வந்தப்புறம் மூட்டை கட்டுங்க.

நல்ல கதிர் தனி, கருத்தது தனின்னு பிரிச்சு, கதிரடிச்சு மணி எடுங்க. ரோஸ் பூஞ்சாணம் பிடிச்சதைக் கழுவியும் வெயில்ல போட்டும் சாப்பிட முடியாது, அந்தப் பூஞ்சாணம் விடுற நஞ்சு வேகவச்சாலும் போகாது, கோழிக்கும் போடாதீங்க, விதைக்கும் எடுக்காதீங்க. தட்டை பூஞ்சாணம் பிடிக்காம இருந்தா காயவச்சு மாட்டுக்குப் போடலாம், ஆனா அறுத்த தூர்ல துளிர்க்கிற மறுதாம்புல மாட்டை அவுத்து விட்றாதீங்க, இளசுல விஷம் இருக்கு.