177 கட்-ஆஃப், வருடத்துக்கு 80 ஆயிரம்: எந்தக் கல்லூரியில் சேரலாம்?

கேள்வி: பிளஸ் டூவில் கணிதம் 91, இயற்பியல் 84, வேதியியல் 88. பி.சி. பிரிவு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். அப்பா தையல்காரர். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். அண்ணன் பாலிடெக்னிக் முடித்தவன். அவன் சம்பளத்தையும் சேர்த்தால் என் படிப்புக்கு வருடத்துக்கு 80 ஆயிரம் வரை புரட்டலாம். பொறியியலில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா? 7.5 சதவீத ஒதுக்கீடு எனக்கு உண்டா? ஒரு தனியார் கல்லூரியில் 25 ஆயிரம் முன்பணம் கட்டி மேனேஜ்மென்ட் கோட்டாவில் இப்போதே சீட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கட்டலாமா?
– மாணவி, உசிலம்பட்டி

பதில்: கட்டாதீர்கள். உங்கள் 177 கட்-ஆஃபுக்கு அரசு நடத்தும் பொறியியல் கவுன்சலிங்கிலேயே சீட் இருக்கிறது. முன்பணம் கட்டி ஓட வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை.

இரண்டு வழிக்கும் உள்ள பண வித்தியாசத்தைப் பாருங்கள். 2017-ல் கட்டண நிர்ணயக் குழு வைத்த கணக்குப்படி, தனியார் கல்லூரியில் அங்கீகாரம் (தரச்சான்று) பெற்ற பாடப்பிரிவுக்குக் கவுன்சலிங் வழியாக வந்தால் ஆண்டுக்கு ரூ.55,000, அங்கீகாரம் இல்லாததற்கு ரூ.50,000. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு ரூ.87,000, ரூ.85,000. (இந்த ஆண்டு மாற்றியிருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.) அத்துடன் முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகையாக ரூ.25,000 கழியும். அது கவுன்சலிங்கில் வருபவர்களுக்கு மட்டுமே. பெற்றோர், இரு வழித் தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. அண்ணன் படித்தது டிப்ளமா, பட்டம் அல்ல, அதனால் தடையில்லை. சலுகை போக உங்களுக்கு ஆண்டுக்கு 30 ஆயிரம்தான். மேனேஜ்மென்ட் சீட்டென்றால் 87 ஆயிரம். நான்கு வருடத்தில் 2,28,000 ரூபாய் வித்தியாசம், அதுவும் ரசீதில் வரும் தொகையை மட்டும் வைத்து. இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இன்றே விண்ணப்பித்துவிடுங்கள். சான்றிதழ் பதிவேற்றும் கடைசி வாரத்தில் அங்கே கூட்டம் தாங்காது.

7.5 சதவீதம் உங்களுக்குக் கிடையாது. அது ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உதவிபெறும் பள்ளி அதில் சேராது. பலர் இதைக் குழப்பிக்கொண்டு விண்ணப்பத்தில் 'ஆம்' என்று போட்டு, சரிபார்ப்பின்போது மாட்டிக்கொள்கிறார்கள். ஆனால் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை 2024-ல் உதவிபெறும் பள்ளித் தமிழ் வழி மாணவிகளுக்கும் விரித்துவிட்டார்கள். சேர்ந்ததும் கல்லூரி மூலமாகப் பதிவு செய்யுங்கள்.

இனி கம்ப்யூட்டர் சயின்ஸ். கணிதம் 91, இயற்பியலில் பாதி 42, வேதியியலில் பாதி 44, ஆக 177, கணக்கு சரிதான். ஆனால் கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி. டெக், மதுரை தியாகராஜர் எல்லாவற்றிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.சி.க்கு 190-க்கு மேலேயே முடிந்துவிடும். அதை ஆசைக்காக மேலே நாலு வரி போட்டுவைக்கலாம், தவறில்லை, நம்பியிருக்கக் கூடாது. உங்கள் ஆட்டம் அதற்குக் கீழே உள்ள தனியார் கல்லூரிகளிலும், போடி, காரைக்குடி, திருநெல்வேலி போன்ற அரசுக் கல்லூரிகளில் மற்றப் பாடப்பிரிவுகளிலும் இருக்கிறது. பெயர் தெரியாத கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸைவிட அரசுக் கல்லூரியின் எலக்ட்ரிக்கல் மேல் என்பது எங்கள் கட்சி. கட்டணமும் அங்கே மிகக் குறைவு.

'போன வருஷம் 177-க்கு இந்தக் கல்லூரி கிடைத்தது' என்று யார் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2023-ல் கவுன்சலிங்கின் முதல் சுற்று 177 கட்-ஆஃப் வரை. அதற்குள் வந்தவர்கள் சுமார் 22,700 பேர். 2024-ல் முதல் சுற்று 179-லேயே நின்றுவிட்டது, அதற்குள்ளேயே சுமார் 26,600 பேர். அதே 177, ஒரு வருடம் முதல் சுற்று, மறு வருடம் இரண்டாம் சுற்று. வினாத்தாள் சுலபமாக இருந்தால் எல்லோர் மதிப்பெண்ணும் ஏறிவிடுகிறது. அதனால் தரவரிசைப் பட்டியல் வந்த அன்றே கட்-ஆஃபை மறந்துவிட்டு ரேங்க்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். கவுன்சலிங் இணையதளத்தில் போன ஆண்டு ஒவ்வொரு கல்லூரியும் எந்த ரேங்க்கில் முடிந்தது என்று பிரிவு வாரியாக இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது பி.சி. வரிசை. பொது ரேங்க், சமூக ரேங்க் என்று உங்களுக்கு இரண்டு எண் வரும். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுவிட்டால் மொத்தக் கணக்கும் கவிழ்ந்துவிடும்.

ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதுங்கள்: கல்லூரி எண், பாடப்பிரிவு, போன ஆண்டு பி.சி.யில் கடைசியாகச் சீட் கிடைத்தவரின் பொது ரேங்க், கட்டணம், பஸ் அல்லது ஹாஸ்டல் செலவு. உதாரணத்துக்கு உங்கள் பொது ரேங்க் 27,000 என்றால், 23,000 முதல் 27,000-க்குள் முடிந்தவை பட்டியலின் மேல் பகுதிக்கு, 33,000 வரை முடிந்தவை நடுவுக்கு, அதற்கும் பின்னால் முடிந்தவை கீழே. எத்தனை வேண்டுமானாலும் போடலாம், கஞ்சத்தனம் வேண்டாம். கம்ப்யூட்டர் மேலிருந்து படித்துக்கொண்டே வந்து, காலியாக உள்ள முதல் இடத்தில் நின்றுவிடும். 'கிடைக்கிறதை மேலே போடுவோம்' என்று பயந்து போட்டால் அதுதான் கிடைக்கும். ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் இருப்பதால் பெயரை நம்பாமல் எண்ணைச் சரிபாருங்கள். அரசு உதவிபெறும் கல்லூரிகளில் பாடப்பிரிவின் பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ். என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு; கல்லூரி ஒன்றுதான், கட்டணம் வேறு.

நோட்டின் கடைசிக் கட்டம்தான் உங்கள் 80 ஆயிரத்தைத் தீர்மானிக்கும். பஸ், ஹாஸ்டல், மெஸ் ஆகியவை நிர்ணயக் கட்டணத்துக்குள் வராது. கல்லூரிக்கு நேரில் போய், இரண்டாம் ஆண்டு மாணவியிடம் சென்ற வருடம் மொத்தம் எவ்வளவு கட்டினாள் என்று கேளுங்கள். ஆபீஸில் கொடுக்கும் தாளில் 'பிளேஸ்மென்ட் டிரெயினிங்' என்று ஒரு வரி இருக்காது. அவள் சொல்வதில் இருக்கும்.

ஏ.ஐ.சி.டி.இ. எனும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி உதவித்தொகை மாணவிகளுக்கு ஆண்டுக்கு ரூ.50,000, வருமான வரம்பு 8 லட்சம். விண்ணப்பியுங்கள், ஆனால் எல்லோருக்கும் வராது என்பதால் கணக்கில் சேர்க்காதீர்கள். பற்றாக்குறை வந்தால் கல்விக் கடன்: 4 லட்சம் வரை நம் பங்காக எதுவும் போட வேண்டாம், ஏழரை லட்சம் வரை அடமானம் தேவையில்லை. குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருப்பதால் படிப்புக் காலம் மற்றும் அதன்பின் ஓராண்டுக்கான வட்டியை மத்திய அரசு மானியமாகத் தரும் திட்டம் உண்டு. கடன் விண்ணப்பம் கொடுக்கும்போதே வட்டி மானியத்துக்கும் வருமானச் சான்றிதழ் வாங்கிக்கொள்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் கெடுவுக்குள் பதில் சொல்ல வேண்டும். கிடைத்தது திருப்தி என்றால் 'அக்செப்ட் அண்ட் ஜாயின்' கொடுத்துக் கல்லூரியில் சேர்ந்து பணம் கட்டுங்கள். இன்னும் மேலே கிடைத்தால் தேவலை என்றால் 'அக்செப்ட் அண்ட் அப்வேர்ட்'. அப்போது பணம் கட்ட வேண்டியது கல்லூரியில் அல்ல, கவுன்சலிங் உதவி மையத்தில். இந்த இடத்தில்தான் பலர் கல்லூரிக்குப் போய் நின்று கெடுவைத் தவறவிட்டுச் சீட்டை இழக்கிறார்கள். மேல்நோக்கி நகர்ந்துவிட்டால் பழைய சீட் வேறொருவருக்குப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. ஆகவே அப்வேர்ட் கொடுப்பதற்கு முன், பட்டியலில் அந்தச் சீட்டுக்கு மேலே உள்ள ஒவ்வொரு வரியின் செலவையும் அப்பாவோடு உட்கார்ந்து இன்னொருமுறை கூட்டிப் பாருங்கள்.