அண்டி ஆபீசில் யார் தலைவர்? – தொழில் கேள்வி பதில்

கேள்வி: கருங்கல் பக்கம் எங்களுக்கு அண்டி ஆபீஸ், அதாவது முந்திரிக்கொட்டைத் தொழிற்சாலை. 140 பேர் வேலை பார்க்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். அப்பாவுக்குப் பிறகு நான் நடத்துகிறேன். விறகுச் செலவையும் உடைந்த பருப்பையும் குறைக்க வேண்டும் என்று நான்கு சூப்பர்வைசர்களை இரண்டு நாள் தலைமைப் பயிற்சிக்கு அனுப்பினேன். சர்டிபிகேட்டோடு வந்தார்கள். மூன்று மாதமாகியும் எதுவும் மாறவில்லை. தவறு யாருடையது?
– வாசகி, கருங்கல்

பதில்: பயிற்சி முடிந்து திரும்பியவர்களுக்கு நீங்கள் என்ன அதிகாரம் கொடுத்தீர்கள்? ஐந்நூறு ரூபாய் செலவுக்கும் உங்கள் அறை வாசலில் வந்து நிற்க வேண்டும் என்றால், வகுப்பில் படித்ததை அவர்கள் எங்கே செய்து பார்ப்பார்கள்?

நான்கு பேரையும் ஒன்றாகத் தலைவர்களாக்கப் பார்க்காதீர்கள். ஒருவர் போதும். நன்றாகப் பேசுகிறவரைத் தேடவும் வேண்டாம். கொட்டை ஈரமாக வந்தாலோ பாய்லர் மக்கர் செய்தாலோ மற்றவர்கள் யாரிடம் ஓடுகிறார்கள் என்று ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். அவர் சூப்பர்வைசராகவே இல்லாமல், பருப்பின் தோலை உரிக்கும் பீலிங் ஹாலில் பதினைந்து வருடமாக உட்கார்ந்திருக்கும் அக்காவாகவும் இருக்கலாம். அப்படியானால் அவரையே எடுங்கள்.

அவர் கையில் ஒரே ஒரு அளவைக் கொடுங்கள். 'சுற்றுச்சூழல் காப்போம்' என்பது அளவு அல்ல. 80 கிலோ மூட்டை அண்டிக்கு எத்தனை கிலோ விறகு செலவாகிறது என்பது அளவு. முதல் மூன்று வாரம் எதையும் மாற்றக் கூடாது. எடை போடுவதும் எல்லோரும் பார்க்கும் போர்டில் எழுதுவதும் மட்டுமே வேலை. விறகை லோடு கணக்கில் வாங்கி லோடு கணக்கிலேயே எரிப்பதால் பல இடங்களில் இந்தக் கணக்கே கிடையாது. எடை போடத் தொடங்கினால் முதல் ஓட்டை தானாகத் தெரியும்: ஈரம். பச்சை ரப்பர் விறகின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே தீயில் ஒரு பகுதி வீணாகப் போய்விடும். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. திறந்த முற்றத்தில் கிடக்கும் விறகு காயவே காயாது. பிளந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கூரைக்கடியில் காற்றோட்டமாக இரண்டு மூன்று மாதம் அடுக்கி வைக்கும் ஏற்பாடுதான் முதல் மாற்றம். அடுத்து, சூடு வெளியே போகாமல் ஸ்டீம் குழாய்க்குச் சுற்றுறை. அதன்பின் நீராவி குளிர்ந்து வரும் வெந்நீரைத் திரும்பப் பாய்லருக்கே அனுப்புவது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலன் கொடுத்தது என்று சொல்ல முடியாது.

விறகைக் குறைக்கிறேன் என்று எண்ணெய் எடுக்காத அண்டித் தோட்டை (கொட்டையின் ஓட்டை) அடுப்பில் தள்ளுவதும் நடக்கும். அந்தப் புகை கண்ணையும் தொண்டையையும் அரிக்கும், பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் மனுவோடு வருவார்கள். அதை விறகு மிச்சக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முயற்சி பெரும்பாலும் சறுக்குவது பருப்பை உலர்த்தும் சூட்டறையான போர்மாவில்தான். உடைத்த பருப்பை 70 டிகிரியை ஒட்டி ஆறு மணி நேரம் போல உலர்த்துகிறோம். ஈரம் சுமார் 3 சதவீதத்துக்கு இறங்கினால்தான் தோல் எளிதாக உரியும். விறகு குறைந்திருக்கிறது என்று போர்டில் காட்டும் ஆசையில் யாராவது ஒரு மணி நேரம் முன்னதாகவே இறக்கிவிடுவார். தோல் ஒட்டிக்கொள்ளும். பீலிங் அக்காமார் கத்தியால் சுரண்டுவார்கள், பருப்பு உடையும். அவர்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. அன்றைய கூலி குறையும். மறுநாள் உங்கள் 'மாற்றம்' என்ற வார்த்தைக்கு ஹாலில் என்ன மரியாதை இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பிரிவின் சிக்கனத்துக்கு இன்னொரு பிரிவின் கூலி பலியாகக் கூடாது. அதனால் சோதனை வாரங்களில் பீலிங் கூலியை முந்தைய நான்கு வாரச் சராசரிக்குக் கீழே போக விடாதீர்கள். போர்டில் விறகுக்குப் பக்கத்திலேயே முழுப்பருப்பின் சதவீதத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் அளந்தால் இன்னொன்றைத் தின்றுதான் அது நன்றாகத் தெரியும்.

உங்கள் பங்கு மூன்று. மாதம் 5,000 ரூபாய் வரை உங்கள் கையெழுத்து இல்லாமல் அவர் செலவு செய்யலாம். பில் மட்டும் வைத்தால் போதும். திங்கள்கிழமை காலை 15 நிமிடம், அறையில் அல்ல, போர்மா பக்கத்தில் நின்றபடி பேச வேண்டும். அப்போது கேட்க வேண்டியவை: இந்த வார எண் என்ன, எது தடுத்தது, என்னிடமிருந்து என்ன வேண்டும். கடைசிக் கேள்விக்கு வந்த பதிலை அடுத்த திங்களுக்குள் நீங்கள் செய்து முடிக்காவிட்டால், அந்த போர்டில் எழுதுவது நின்றுவிடும். ஆர்டர் நெருக்கும் நாட்களில் 'இந்த வாரம் வேண்டாம்' என்று இரண்டு முறை சொன்னாலும் அதே கதிதான். பன்னிரண்டு வாரம் முடிந்ததும் இரண்டாவது ஆளைத் தேர்ந்தெடுங்கள். அவருக்குக் கற்றுக்கொடுப்பவர் முதலாமவராக இருக்கட்டும். வெளிப் பயிற்சி வேண்டுமென்றால் அதன்பிறகு அனுப்புங்கள். அப்போது கேட்பதற்கு அவரிடம் கேள்வி இருக்கும்.

கேள்வி: எங்கள் நைலான் வலைக் கம்பெனியில் கழிவைக் குறைக்கப் பார்க்கிறேன். 28 வருட மேஸ்திரி, 'நீ நேற்று வந்த பிள்ளை' என்கிறார். அவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: மாற்றினால் அவரோடு பத்துப் பேர் மனத்தளவில் வெளியே போய்விடுவார்கள். 'அண்ணாச்சி, இதை முன்னால் எப்போதாவது செய்து பார்த்தீர்களா, ஏன் நின்றது?' என்று கேட்டுவிட்டு, பதிலைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். பிறகு கழிவு வேலையையே அவரிடம் கொடுத்துவிடுங்கள். நைலானும் பாலிஎத்திலீனும் கலந்த மூட்டையை மறுசுழற்சிக்காரர் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார். ஒன்று 220 டிகிரியை ஒட்டி உருகும், மற்றொன்று 130-க்கே உருகிவிடும், சேர்த்து உருக்க முடியாது. இரண்டு நிறச் சாக்கு, தறிக்குத் தறி. கழிவு விற்ற பணத்தை யார் வைத்துக்கொள்வது என்பதையும் முதல் நாளே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். பல இடங்களில் எதிர்ப்பின் வேர் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: பெரிய கம்பெனி ஒன்றுக்குச் சரக்குக் கொடுக்கிறோம். கார்பன் விவரம் கேட்டு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் சட்டப்படி நாங்களும் அறிக்கை தர வேண்டும் என்று சொல்லி ஒரு ஆலோசகர் பெரிய தொகை கேட்கிறார். உண்மையா?
– வாசகர், தக்கலை

பதில்: செபியின் பி.ஆர்.எஸ்.ஆர். (தொழிலின் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு பற்றிய) அறிக்கை 2022-23 நிதியாண்டிலிருந்து கட்டாயமானது, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்களுக்கு. அந்தச் சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்களிடம் வாங்குபவர் தன் கணக்குக்காகக் கேட்கிறார். கொடுக்காவிட்டால் ஒருநாள் வேறு ஆளைப் பார்ப்பார்.

கணக்கை உங்கள் அக்கவுண்டன்டே போடலாம். ஒரு வருட கரண்ட் பில்களையும் டீசல் பில்களையும் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ, ஒரு லிட்டர் டீசலுக்கு சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 30,000 யூனிட் என்றால் 21 டன். 1,200 லிட்டர் என்றால் 3.2 டன்னை ஒட்டி. விறகை இதில் கூட்டாமல் தனி வரியில் எழுதுங்கள். வழக்கமான தப்பு, ஜெனரேட்டர் டீசலை விட்டுவிட்டு லாரி டீசலை மட்டும் எடுப்பது. இன்னொன்று நம் ஊருக்கே உரியது: 'முப்பந்தல் காற்றாலை பக்கத்தில்தானே இருக்கிறது, எங்கள் கரண்ட் பச்சைதான்' என்று படிவத்தில் எழுதுவது. மின்வாரியத்திடம் வாங்குவது கிரிட் கரண்ட். காற்றாலையோடு உங்கள் பெயரில் ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே அப்படி எழுதலாம்.

கேள்வி: எங்கள் ரப்பர் ஷீட் சங்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்புச் சட்டத்துக்காக ஒவ்வொரு தோட்டத்தின் இருப்பிடமும் வேண்டும் என்கிறார்கள். இதை யார் தலைமையேற்றுச் செய்வது?
– வாசகர், குலசேகரம்

பதில்: செயலாளர் தலையில் கட்டாதீர்கள், அவருக்கு நேரம் இருக்காது. ஷீட் வாங்கும் இடத்தில் எடை போடும் பையனோ பெண்ணோதான் சரியான ஆள். எல்லா உறுப்பினரையும் அவருக்குத் தெரியும். சட்டம் கேட்பது இதுதான்: 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழித்து உருவாக்கிய நிலத்தில் விளைந்த ரப்பராக இருக்கக் கூடாது, நிலத்தின் இருப்பிடம் ஆறு தசம இலக்கம் வரை வேண்டும். 4 ஹெக்டேருக்குள், அதாவது ஏறத்தாழ 10 ஏக்கருக்குள் இருந்தால் ஒரே ஒரு புள்ளி போதும். சென்ட் கணக்கில் தோட்டம் வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு இது பெரிய சௌகரியம். மரநிழலில் நின்று போனில் எடுத்தால் புள்ளி பக்கத்துத் தோட்டத்தில் போய் விழும். வானம் தெரியும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று எடுக்கச் சொல்லுங்கள். புள்ளியைவிடக் கஷ்டமானது ஷீட்டைக் கலக்காமல் வைப்பது. இருப்பிடம் தந்தவர்களின் ஷீட்டுக்குத் தனி அடுக்கு இல்லையென்றால் எடுத்த புள்ளிகள் எல்லாம் வீண்.

கேள்வி: குறையில்லாத, சுற்றுச்சூழலைக் கெடுக்காத உற்பத்திக்காக மத்திய அரசு சிறுதொழில்களுக்குத் தரும் ஜெட் (ZED) சான்றிதழ் வாங்கினால் பயன் உண்டா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: உண்டு, சுவரில் மாட்டுவதற்கு மட்டும் இல்லையென்றால். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலை. கட்டணம் 10,000, 40,000, 90,000 ரூபாய். குறுந்தொழிலுக்கு 80, சிறுதொழிலுக்கு 60, நடுத்தரத் தொழிலுக்கு 50 சதவீத மானியம். பெண்கள் உரிமையாளராக இருக்கும் தொழில்களுக்கு முழுக் கட்டணமும் மானியமாக அறிவிக்கப்பட்டது, எனவே கருங்கல் வாசகியும் கவனிக்கலாம். வெண்கலத்துக்கு ஐந்து அளவுகோல்கள்தான். உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவில் உள்ள பெயரும் ஜி.எஸ்.டி. பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.