கணினிக் கேள்வி பதில்: போஸ்டா, பேஜா, யார் கையில் லொகின்?

கேள்வி: எங்கள் புடைவைக் கடைக்கு வேர்ட்பிரஸில் இணையத்தளம் செய்து தந்த தம்பி கனடா போய்விட்டார். புதிதாகப் பார்க்க வந்தவர் டொமைன் லொகின், ஹொஸ்டிங் லொகின், அட்மின் லொகின் மூன்றும் இருக்கிறதா என்கிறார். என்னிடம் ஒரு பாஸ்வேர்ட்தான் இருக்கிறது. எல்லாம் ஒன்றுதானே?
(வெள்ளவத்தை வாசகி)

ஒன்றில்லை அம்மா, மூன்றும் வேறு வேறு. டொமைன் என்பது உங்கள் தளத்தின் பெயர். அதை வருடக் கணக்கில் பணம் கட்டிப் பதிந்து வைத்திருக்க வேண்டும். பெயர் டொட் எல்கே என்று முடிந்தால் அந்தப் பதிவு எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும். ஹொஸ்டிங் என்பது உங்கள் படங்களும் எழுத்தும் தங்கியிருக்கும் சேர்வர் என்ற இணையக் கணினியில் எடுத்த வாடகை இடம். அட்மின் லொகின் வேர்ட்பிரஸுக்குள் நுழைய. உள்ளே போனதும் இடப்பக்கம் பட்டியலோடு வருகிற திரைதான் டாஷ்போர்ட். வேர்ட்பிரஸ் 2003இலிருந்து இலவசமாகக் கிடைக்கிற, தளம் செய்கிற மென்பொருள், அதற்கு யாரும் உங்களிடம் ஆண்டுச் சந்தா கேட்கக் கூடாது. காசு டொமைனுக்கும் ஹொஸ்டிங்குக்கும்தான்.

உங்களிடம் இருக்கும் பாஸ்வேர்ட் அநேகமாக அட்மினுடையது. மூன்றிலும் தொலைந்தால் ஆகக் குறைந்த தலையிடி தருவது அதுதான். ஹொஸ்டிங் கையில் இருந்தால் எழுத்தும் கணக்குகளும் பதிவாகியிருக்கும் டேட்டாபேஸ் வழியாகப் புது பாஸ்வேர்ட் போட்டுக்கொள்ளலாம். ஹொஸ்டிங் போனாலும், பெயரும் ஒரு பக்கப்பும் (தளத்தின் முழுப் பிரதி) இருந்தால் வேறிடத்தில் எழுப்பிவிடலாம். பெயர் இன்னொருவர் பேரில் இருந்தால் அவர் தருகிறவரை காத்திருக்க வேண்டியதுதான். தளம் செய்கிற பிள்ளைகள் கெட்ட எண்ணத்தில் அல்ல, அவசரத்தில் தங்கள் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிந்துவிடுவார்கள். கனடாவுக்கு இன்றைக்கே ஒரு கோல் எடுத்து, டொமைன் யார் பேரில், எந்த மின்னஞ்சலில் என்று கேளுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

உங்கள் பாஸ்வேர்டைப் புதியவரிடம் கொடுக்காதீர்கள். டாஷ்போர்டில் ‘யூசர்ஸ்’ பகுதியில் அவருக்கென்று தனிக் கணக்குத் திறக்கலாம். சேலைப் படம் ஏற்றுகிற பிள்ளைக்கு ‘ஓதர்’ தரம் போதும். தன் பதிவைத் தானே வெளியிடுவார், பக்கங்களில் கைவைக்க முடியாது. ‘கொன்ட்ரிபியூட்டர்’ கொடுத்தால் எழுதலாம், படம் ஏற்றவோ வெளியிடவோ இயலாது. அது உங்கள் வேலைக்கு ஆகாது. பழைய தம்பியின் கணக்கை நீக்கும்போது ஒரு கேள்வி வரும்: அவர் எழுதியவற்றை அழிப்பதா, வேறொருவர் பேருக்கு மாற்றுவதா? மாற்றுவதைத் தெரிவு செய்யுங்கள். அங்கே அவசரப்பட்டால் அவர் போட்டதெல்லாம் கணக்கோடு சேர்ந்து போய்விடும்.

கேள்வி: கோயில் திருவிழா அறிவித்தலைப் ‘பேஜ்’ ஆகப் போடுவதா, ‘போஸ்ட்’ ஆகவா? தீமை மாற்றினால் எழுதியவை அழியுமா?
(கொட்டாஞ்சேனை, ஆலய பரிபாலன சபை உறுப்பினர்)

தலவரலாறு, நடை திறக்கும் நேரம், தொடர்பு இலக்கம் எல்லாம் பேஜ். வருடம் போனாலும் அங்கேயே நிற்க வேண்டியவை. சூரன்போர் அறிவித்தல், ஆடிப்பூர அன்னதான விபரம் போஸ்ட். திகதியோடு வரும், புதியது வந்ததும் கீழே இறங்கும். போஸ்டுகளை வகைப்படுத்த ‘கட்டகரி’ இருக்கிறது. ‘திருவிழா’, ‘அன்னதானம்’ என்று நாலைந்து வைத்தால் தாராளம். ‘டாக்’ என்ற சிறு குறிச்சொற்களின் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள்.

தீம் என்பது தளத்தின் வெளித்தோற்றம், சாத்துப்படி மாதிரி. இன்றைக்கு வெள்ளிக் கவசம், நாளைக்குச் சந்தனக்காப்பு, உள்ளே மூர்த்தி அதேதான். ஆனால் மெனுவையும் ஓரப் பெட்டிகளான விட்ஜெட்டுகளையும் திரும்பப் பொருத்த வேண்டி வரலாம். ஆகையால் பக்கப் எடுத்துவிட்டு மாற்றுங்கள், கொடியேற்றத்துக்கு முதல் நாள் வேண்டாம்.

கேள்வி: பழைய மாணவர் சங்கத் தளத்தில் தமிழில் தலைப்பு வைத்துப் போஸ்ட் போட்டேன். லிங்கை வட்ஸ்அப் குழுவில் ஒட்டினால் சதவீதக் குறியும் இலக்கங்களுமாகப் பாதித் திரையை அடைக்கிறது. வைரஸா?
(பம்பலப்பிட்டி வாசகர்)

வைரஸ் இல்லை. முகவரியின் கடைசித் துண்டுக்கு ‘ஸ்லக்’ என்று பெயர், முழு முகவரி ‘பெர்மாலிங்க்’. தலைப்பை எழுதியதும் வேர்ட்பிரஸ் அதிலிருந்தே ஸ்லக்கைச் செய்துகொள்ளும். தமிழ் எழுத்து முகவரியில் போகும்போது ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் (கணினி எழுத்தைச் சேமிக்கும் அலகு), ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்து. ஆக ஒன்றுக்கு 9. ‘கொழும்பு’ என்பதில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் சேர்த்து 8 குறியீடு, முகவரியில் அது 72 எழுத்தாகிவிடும். ஸ்லக்குக்கு இருப்பது மொத்தம் 200 இடம். ‘வருடாந்தப் பொதுக்கூட்ட அறிவித்தல்’ என்று வைத்தீர்களானால், ‘அறிவித்தல்’ வருகையில் ‘அ’வோடு நின்றுவிடும்.

தலைப்பைத் தமிழிலேயே வையுங்கள், அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். வெளியிட முன் வலப்பக்கப் பெட்டியில் ஸ்லக்கை மட்டும் ஆங்கில எழுத்தில் இரண்டு சொல்லுக்குச் சுருக்கிவிடுங்கள். ஏற்கெனவே வெளியிட்டதென்றாலும் பயமில்லை. போஸ்டின் ஸ்லக்கை மாற்றினால் பழைய லிங்கில் வருபவரை வேர்ட்பிரஸே புதியதற்குக் கொண்டு போய்விடும். பேஜுக்கு இந்த வசதி கிடையாது. ஆகவே பேஜ் ஸ்லக்கை முதல் நாளே சரி பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பாமினியில் அடித்த கட்டுரையை ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது. அதுவும் ஒவ்வொரு பந்தியும் தனிப் பெட்டியாக நிற்கிறது.
(தெகிவளை, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

சேர், பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருக்கும் எழுத்துரு. அது இல்லாத இடத்தில் அடியில் இருக்கிற ஆங்கிலம் வெளியே வந்துவிடும். முதலில் எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். மாற்றிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. மாற்றிய பிறகு ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ வரும் சொற்களை ஒருதரம் கண்ணால் பாருங்கள், பிழை அநேகமாக அங்கேதான். பெட்டிகளுக்குப் ‘பிளொக்’ என்று பெயர், 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து எடிட்டரே அப்படித்தான். வாசிப்பவருக்குப் பெட்டி தெரியாது.

கேள்வி: கைதவறி ஒரு போஸ்டை அழித்துவிட்டேன். எடுக்கலாமா?
(புறக்கோட்டை வாசகர்)

‘ட்ராஷ்’ஷில் பாருங்கள், 30 நாள் அங்கே கிடக்கும். ‘ரீஸ்டோர்’ அழுத்தினால் திரும்பி வரும். மீடியா லைப்ரரியில் அழித்த படத்துக்கு இது பொருந்தாது, சாதாரண அமைப்பில் அது அழித்த கையோடு போய்விடும். மூலப்படத்தைப் போனிலோ கம்பியூட்டரிலோ வைத்திருங்கள்.